பட்டியலே முதற்காவல்

அருநூல் சேகரங்கள், ஆவணக் காப்பகங்கள், சமூக ஆவணகங்கள் ஆகியவற்றின் தொழிற்கடமைகள் குறித்த சொற்பொழிவு

நூலகத்தில் உள்ள நூல்களை இரு வகையாகப் பிரித்து நோக்கலாம். தொலைந்தால் கடையிலிருந்தோ வேறு நூலகத்திலிருந்தோ இன்னொரு படியைப் பெற்று அந்த இடத்தை நிரப்பிவிடத் தக்கவை முதல் வகை. தொலைந்தால் எந்த விலை கொடுத்தும் ஈடுசெய்ய இயலாதவை இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையைத் தனியே ஒதுக்கி, அதற்கெனத் தனி அறையும் தனி விதிகளும் தனிப் பயிற்சி பெற்ற பணியாளரும் அமைத்துப் பேணும் பகுதியை நூலகவியலார் சிறப்புச் சேகரம் என்பர். அதில் அச்சு நூல்கள் மிகுந்திருந்தால் அருநூலகம் என்றும், கடிதம், நாட்குறிப்பு, கணக்கேடு, நிழற்படம் முதலியவை மிகுந்திருந்தால் ஆவணக் காப்பகம் என்றும் அது பெயர் பெறும். அரசோ பல்கலைக்கழகமோ பொறுப்பேற்காத நிலையில், ஒரு வட்டாரத்தாரோ ஒரு தொழிலைச் சேர்ந்தோரோ இடம்பெயர்ந்த மக்களோ தம் நினைவைத் தாமே திரட்டித் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளும்போது அது சமூக ஆவணகம் ஆகிறது.

இம்மூவகை நிறுவனங்களுக்கும் பொதுவான தொழிற்சிக்கல்கள் பல. பொருள் சிதைவு, திருட்டு, பணமின்மை, பயிற்சி பெற்றோர் இன்மை, வாசகரை எவ்வளவு அனுமதிப்பது என்னும் கேள்வி, மின்னுருவாக்கம் பற்றிய மயக்கம், சேகரம் யாருக்கு உரியது என்னும் வழக்கு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றைத் தனித்தனிச் சிக்கல்களாகக் கருதித் தனித்தனித் தீர்வு தேடுவதே பெருவழக்கு. ஆயினும் இவை ஒவ்வொன்றையும் அடிவரை சென்று ஆராய்ந்தால், ஒரே குறைபாடு அடியில் கிடப்பதைக் காணலாம்: கையில் இருப்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, எந்நிலையில் இருக்கிறது என்னும் மூன்றையும் சொல்லும் முறையான பட்டியல் இல்லாமையே அக்குறைபாடு. பூட்டும் கண்காணிப்புக் கருவியும் பின்னர் வருபவை. பட்டியலே முதற்காவல் என்பதை நிறுவுவது இவ்வுரையின் நோக்கம்.

அருமை என்பது யாது?

பழமையே ஒரு நூலை அரிதாக்குகிறது என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழியொன்றின் எழுத்துருக்களைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சான முதல் நூலாகக் கருதப்படுகிறது. 16 பக்கமே கொண்ட அச்சிறுநூலின் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. இது பழமையும் ஒருமையும் சேர்ந்த அருமை. இதற்கு நேர்மாறான அருமையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணா விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் ஏராளமாக அச்சாகி, ஏராளமாக விற்று, வாங்கியவர் கையிலேயே கிழிந்து மறைந்தன. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, நாடகப் பாட்டு, விளம்பரத் துண்டு போன்றவற்றை அக்காலத்து நூலகங்கள் நூலாகவே மதிக்கவில்லை. மதிக்காததாலேயே அவை இன்று அரியவை ஆயின. எல்லோரிடமும் இருந்த ஒன்றை எவரும் எடுத்து வைப்பதில்லை என்பது சேகரிப்பின் முதல் விதி.

இவ்விதியை மீறிச் சேர்த்தவர்களாலேயே தமிழ் அச்சுப் பண்பாட்டின் அடித்தளம் இன்று ஆய்வாளர் கைக்கு எட்டுகிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்த ரோஜா முத்தையா, இலக்கண இலக்கிய நூல்களோடு நாடகத் துண்டுப் பிரசுரம், திருமண அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் எனப் பிறர் கழித்தவற்றையும் ஒரே மதிப்போடு திரட்டினார். புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா நூலகமும் தனிமனித முயற்சியின் மற்றொரு சான்று. தனிமனிதர் சேகரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த நூல் எந்த அலமாரியில் உள்ளது என்பது சேகரித்தவர் நினைவில் இருக்கும். அந்நினைவு எழுத்துக்கு வராமற்போனால், அவர் காலத்துக்குப் பின் எஞ்சுவது ஒரு குவியல் மட்டுமே, அதன் அடுத்த இடம் பெரும்பாலும் பழைய தாள் கடையின் தராசுத் தட்டாக அமைந்துவிடுகிறது.

ஓலையும் தாளும்

சேகரத்தின் பகை பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கரிமை தடவி எழுத்தைப் புலப்படச் செய்த சுவடி, ஈரமும் வெப்பமும் மிகுந்த தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. கறையான், இராமபாணம் முதலிய பூச்சிகள் அதனை அரிக்கும். ஈரம் குறைந்தால் ஓலை முறியும், கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். முன்னோர் இதனை அறிந்தே வசம்பு வைத்தும் மஞ்சள் தடவியும் துணியில் சுற்றியும் காத்தனர். எனினும் அவர்களின் உண்மையான பாதுகாப்பு முறை, ஏட்டைக் காலந்தோறும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவதே ஆகும். பெயர்த்தெழுதிய பின் பழைய ஏட்டை நீரிலோ தீயிலோ விடுவது மரபாயிற்று. பெயர்த்தெழுதும் வழக்கம் அருகிய காலத்திலும் கழிக்கும் வழக்கம் மட்டும் நின்றுவிடவில்லை என்பதே பேரிழப்பின் காரணம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையர், அங்கிருந்த சுவடிகள் ஆகம விதி என்று சொல்லித் தீயில் இடப்பட்டுவிட்ட செய்தியைக் கேட்டு வருந்திய நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். எவை அழிந்தன என்று சொல்ல அங்கு ஒரு பட்டியலும் இருக்கவில்லை.

அச்சு நூலின் கதை வேறு. கந்தல் துணியிலிருந்து செய்த பழைய தாள் உறுதியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுத் தாள் பரவியது. மரக்கூழில் எஞ்சும் லிக்னின் என்னும் பொருளும், மை ஊறாதிருக்கச் சேர்த்த படிகாரமும் காலப்போக்கில் அமிலத்தன்மையைப் பெருக்கித் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கின்றன. ஆகவே தரங்கம்பாடியில் 1715ஆம் ஆண்டு அச்சான ஒரு நூலின் தாள் இன்றும் புரட்டத் தக்கதாக இருக்க, 1930களில் வெளிவந்த மலிவுப் பதிப்பு நாவல் விரல் பட்ட இடத்தில் உதிர்வது வியப்பன்று. எது பழையது என்று பார்த்து முன்னுரிமை தரும் காப்பாளர், இளையதாக இருந்தும் விரைந்து அழியும் நூலைக் கைவிட நேரும்.

பாதுகாப்புத் தொழிலில் கடந்த நூற்றாண்டு கற்றுத் தந்த பெரும்பாடம், செய்த எதையும் பின்னர் கேடின்றி நீக்க இயல வேண்டும் என்பதாகும். மீட்கத்தக்க தன்மை எனப்படும் இக்கோட்பாடு, நல்லெண்ணத்தோடு செய்த தவறுகளிலிருந்து பிறந்தது. நொறுங்கும் தாளை இருபுறமும் செல்லுலோஸ் அசிடேட் படலத்தால் மூடி வெப்பத்தில் ஒட்டும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் சிறந்த தீர்வாகப் போற்றப்பட்டது. பின்னர் அப்படலமே மஞ்சளாகிச் சுருங்கித் தாளைக் கெடுக்கத் தொடங்கியபோது, அதனைப் பிரித்தெடுப்பது புதிய சிக்கலாயிற்று. இன்று மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் விரும்பப்படுவதற்குக் காரணம், நீரில் நனைத்தால் அவை விட்டுக்கொடுக்கும் என்பதே. ஒட்டுநாடா கொண்டு கிழிசலை ஒட்டுவது எவ்வளவு எளிதோ அவ்வளவு கொடியது. நூலைத் தொடுவோர் வெள்ளைப் பருத்திக் கையுறை அணிய வேண்டும் என்னும் பரவலான நம்பிக்கையையும் தொழிலறிஞர் இப்போது ஏற்பதில்லை; கையுறை விரலின் தொடுவுணர்வை மழுங்கச் செய்து நொறுங்கிய தாளைக் கிழிக்கும் என்பதால், கழுவி உலர்த்திய வெறுங்கையே நூலுக்கு நல்லது, நிழற்படங்களுக்கு மட்டும் கையுறை பொருந்தும் என்பது அவர் முடிவு.

எந்த நூலுக்கு இச்சிகிச்சைகளை முதலில் செய்வது என்பதே அன்றாடக் கேள்வி. ஒவ்வொரு நூலின் நிலையையும் பதிவு செய்த பட்டியல் இல்லாத இடத்தில், கண்ணில் பட்டது சிகிச்சை பெறுகிறது. அலமாரியின் பின்வரிசையில் இருப்பது அழிகிறது.

பட்டியலிடுதலின் நுணுக்கம்

பொது நூலகத்தில் பட்டியல் என்பது நூலின் பெயர், ஆசிரியர், பொருள், வைப்பிடம் ஆகியவற்றைச் சொல்லும் குறிப்பு. சிறப்புச் சேகரத்தில் அது போதாது. பதிப்பு வேறு, படி வேறு என்பது இங்கு அடிப்படை வேறுபாடு. ஒரே நாளில் ஒரே அச்சகத்தில் உருவான 500 படிகளும் பதிப்பு என்ற அளவில் ஒன்றே. ஆனால் அவற்றுள் ஒன்றில் ஒரு பதிப்பாசிரியர் ஓரத்தில் பாடவேறுபாடு குறித்திருப்பார், மற்றொன்றில் ஒரு ஜமீன்தாரின் முத்திரை இருக்கும், வேறொன்றில் ஒரு பள்ளிச் சிறுமிக்குப் பரிசாகத் தந்த குறிப்பு இருக்கும். இக்குறிப்புகளே அந்தப் படியின் உடைமை வரலாறு, அதாவது யார் கையிலிருந்து யார் கைக்கு அது வந்தது என்னும் சங்கிலி ஆகும். உ.வே. சாமிநாதையர் மறைந்த மறு ஆண்டாகிய 1943இல் அவர் பெயரால் தொடங்கப்பட்ட நூலகத்தின் மதிப்பு, அங்குள்ள நூல்கள் அவர் கையாண்டவை என்பதனால் பன்மடங்காகிறது.

சுவடியைப் பட்டியலிடுவது இன்னும் கடினமானது. ஒரு கட்டில் பல நூல்கள் சேர்ந்திருக்கும். முதல் ஏட்டை மட்டும் பார்த்துக் கட்டு முழுவதற்கும் ஒரே பெயர் இட்டால் ஏனைய நூல்கள் பட்டியலில் இருந்தே மறைந்துவிடும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் அமையும். ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே ‘கொள்’ என்பதா ‘கோள்’ என்பதா என முடிவு செய்யப் பொருளறிவு வேண்டும். எழுதி முடித்த நாளைப் பெரும்பாலும் பிரபவ முதலாய அறுபதாண்டு வட்டத்தின் பெயரால் குறிப்பர். பிரபவ ஆண்டு என்றால் 1807, 1867, 1927 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், தென்மாவட்டச் சுவடியாயின் கொல்லம் ஆண்டும் குறுக்கிடும். இவற்றைத் தீர்க்கும் அறிவு நூலகவியல் பட்டத்தோடு மட்டும் வருவதன்று; தமிழ்ப் புலமை, எழுத்தியல், பொறுமை ஆகிய மூன்றும் கூடிய ஒருவரிடமே அது அமையும். அத்தகையவரை ஒப்பந்த ஊழியராகச் சில திங்கள் அமர்த்தி, திட்டம் முடிந்ததும் அனுப்பிவிடும் நடைமுறை, சேகரத்தின் நினைவாற்றலைத் திட்டந்தோறும் அழித்து மீண்டும் தொடங்குவதற்கு ஒப்பாகும்.

தமிழுக்குப் பட்டியல் மரபு புதிதன்று. ஜான் மர்டாக் 1865ஆம் ஆண்டு தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய பட்டியலை வெளியிட்டார். தஞ்சை அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு ஏ.சி. பர்னல் தொகுத்த அட்டவணை 1880இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் மியூசியத்துத் தமிழ் நூல்களுக்குப் பார்னெட், போப் இருவரும் தொகுத்த பட்டியல் 1909இல் வந்தது. 1867ஆம் ஆண்டு அச்சக, நூற்பதிவுச் சட்டத்தின்கீழ் மாகாணத்தில் அச்சான நூல்கள் காலாண்டுதோறும் பட்டியலிடப்பட்டன. குடியேற்ற அரசு அச்சைக் கண்காணிப்பதற்காகச் செய்த அவ்வேலை, இன்று தமிழ் அச்சு வரலாற்றின் முதன்மைச் சான்றாக நிற்கிறது. பட்டியலில் பெயர் இருந்து, படி எங்கும் அகப்படாத நூல்கள் பல உள்ளன. அவை இருந்தன என்பதையே பட்டியல்தான் சொல்கிறது.

ஆவணங்களைப் பொறுத்தவரை மற்றொரு கோட்பாடும் கருதத் தக்கது. ஒரே இடத்திலிருந்து வந்த ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கலக்காமல், வந்த தொகுதியாகவே வைக்க வேண்டும் என்னும் மூல உறவுக் கோட்பாடு 1841இல் பிரான்சில் ஆணையாக வடிவம் பெற்றது. ஒரு வணிகரின் கடிதங்களை இலக்கியம், அரசியல், குடும்பம் எனப் பிரித்து மூன்று அலமாரிகளில் வைத்தால், அக்கடிதங்கள் ஒன்றையொன்று விளக்கும் தொடர்பு அறுந்துபோகும். நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி தென்னிந்தியாவெங்கும் உள்ளூர் உதவியாளர்களைக் கொண்டு திரட்டிய பெருஞ்சேகரம், 1821இல் அவர் மறைந்தபின் இலண்டன், கல்கத்தா, சென்னை என மூன்றிடங்களில் சிதறியது. கைபீது எனப்படும் ஊர் வரலாற்றுக் குறிப்பொன்றின் மூலம் ஓரிடத்திலும், மொழிபெயர்ப்பு வேறிடத்திலும் இருக்க, அவற்றை இணைத்துப் படிப்பது ஆய்வாளருக்குத் தலைமுறைகள் கடந்த சுமையாயிற்று.

பழைய பட்டியல்களின் சொற்களும் இன்றைய காப்பாளர் முன் ஒரு கேள்வியை வைக்கின்றன. குடியேற்றக் காலப் பட்டியல்கள் சில சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவான பெயர்களால் சுட்டுகின்றன. அச்சொற்களை அழித்துவிட்டால் அக்காலத்து மனப்போக்குக்கான சான்று மறையும். அப்படியே விட்டால் தம் முன்னோரைத் தேடி வரும் வாசகரை நூலகமே இழிவு செய்வதாகும். பழைய சொல்லை அது எந்தக் காலத்துப் பட்டியலில் உள்ளது என்ற குறிப்போடு தனியிடத்தில் வைத்து, தேடுவதற்குரிய தலைப்பாக அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரையே இடுவது இதற்கு ஏற்ற வழி.

திருட்டும் உடைமைச் சான்றும்

அருநூல் திருட்டு என்றவுடன் இரவில் சுவரேறி வரும் கள்வன் நினைவுக்கு வருவது இயல்பு. தொழில் அனுபவம் காட்டுவது வேறு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் கார்னெகி நூலகத்தின் அருநூல் அறையிலிருந்து ஏறத்தாழ 25 ஆண்டுகளாக நூல்களும் நிலப்படங்களும் வெளியேறிக்கொண்டிருந்தன. எடுத்துச் சென்றவர் அச்சேகரத்தின் பொறுப்பாளரே, விற்றவர் நகரின் பெயர்பெற்ற பழைய நூல் வணிகர். 2017ஆம் ஆண்டு காப்பீட்டுக்காக மதிப்பீட்டாளர்கள் வந்து பட்டியலையும் அலமாரியையும் ஒப்பிட்டபோதே இழப்பு வெளிப்பட்டது. அதன் மதிப்பு 80 லட்சம் டாலர் எனக் கணக்கிடப்பட்டது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து கிரோலமினி நூலகத்தில் 2012இல் கைதானவர் அந்நூலகத்தின் இயக்குநரே. இரண்டு நிகழ்விலும் பூட்டு உடையவில்லை. சாவி வைத்திருந்தவரே கதவைத் திறந்தார். ஆகவே காவல் என்பது வாசகரை ஐயுறுவதோடு முடிவதில்லை. சாவியும் பட்டியலும் ஒரே கையில் இருக்கலாகாது, ஆண்டுதோறும் ஒரு பகுதியையேனும் வெளியார் ஒப்புநோக்க வேண்டும், காப்பாளர் தம் நிறுவனம் சேகரிக்கும் பொருளைத் தாம் சொந்தமாக வணிகம் செய்யலாகாது என்பவை இத்தொழிலின் ஒழுக்க நெறிகளாக ஏற்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலிருந்து 2005ஆம் ஆண்டு காணாமற்போன, 1715இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ் விவிலியப் படியொன்று இலண்டனில் உள்ள ஒரு சேகரத்தில் இருப்பதாகத் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது. இத்தகைய வழக்குகளில் அச்சான நூல் என்பதே ஒரு தடையாகும். அதே பதிப்பின் வேறு படிகளும் உலகில் இருக்கக்கூடும் என்பதால், அந்தப் படிதான் இது என்று நிறுவ முத்திரை, கையொப்பம், கறை, கிழிசல், கட்டு ஆகிய படிக்குரிய தனி அடையாளங்கள் வேண்டும். இழப்புக்கு முன் அவற்றை எழுத்திலும் படத்திலும் பதிந்து வைத்த நூலகமே உரிமை கோர முடியும். 75 ஆண்டுகளுக்குக் குறையாத, அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை ஆகியவற்றில் மதிப்புடைய கையெழுத்துச் சுவடியையும் ஆவணத்தையும் தொல்பொருளாகக் கருதி, அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் இருந்ததாகவே பதிவாகாத ஒன்றைச் சட்டத்தால் தேட இயலாது.

மின்னுருவாக்கமும் அதன் எல்லையும்

1931இல் எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த நூலகவியல் விதிகளின் முதற்கருத்து, நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பதாகும். ஒவ்வொரு பயன்பாடும் சிறிது சிதைவை உண்டாக்கும் அருநூலகத்தில் இவ்விதி காப்புக் கடமையோடு மோதுகிறது. பரிந்துரைக் கடிதம், பலமுறை வரவைத்தல், காரணம் சொல்லாமல் மறுத்தல் முதலிய வழிகளால் வாசகரைக் குறைத்து நூலைக் காத்ததாக எண்ணும் பழக்கம் பல இடங்களில் வேரூன்றியுள்ளது. எவரும் படிக்காத நூலுக்கு வாதாட ஒருவரும் இரார், அதற்கு நிதியும் வாராது என்பதை அப்பழக்கம் மறந்துவிடுகிறது. பென்சிலும் தாங்கு பலகையும் கண்காணிக்கும் ஒரு பணியாளரும் இருந்தால் பெரும்பாலான நூல்களைப் பெரும்பாலான வாசகருக்குத் தர முடியும்.

மின்னுருவாக்கம் இம்மோதலைத் தணித்திருக்கிறது. தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் 1998இலும், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004இலும் தொடங்கின. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பெரும்பணி ஆற்றி வருகிறது. ஆயினும் படமெடுத்துவிட்டால் காத்தாயிற்று என்னும் எண்ணம் தவறானது. மின்கோப்பு ஓலையைவிட விரைவில் அழியக்கூடியது. வன்தட்டு சில ஆண்டுகளில் பழுதுபடும், கோப்பு வடிவம் வழக்கொழியும், ஒரு துணுக்குத் தரவு மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணித்து வைத்தலும், வெவ்வேறு ஊர்களில் குறைந்தது மூன்று படிகள் வைத்தலும், காலந்தோறும் புதிய ஊடகத்துக்கு மாற்றுதலும் வேண்டும். முன்னோர் ஏடு பெயர்த்தெழுதியதும் இதுவும் ஒரே கடமையின் இரு வடிவங்களே. பெயரும் விவரமும் இல்லாமல் எண்களை மட்டும் பெயராகக் கொண்ட பல்லாயிரம் படக்கோப்புகள், பிரிக்கப்படாத ஏட்டுக் கட்டுகளைவிட எவ்வகையிலும் மேலானவை அல்ல.

இலண்டன் பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது இதற்கு ஓர் அரிய விளக்கம். அங்கு ஒரு நூலும் எரியவில்லை, ஒரு சுவடியும் திருடுபோகவில்லை. ஆனால் கணினியில் இருந்த பட்டியல் முடங்கியது. 2024 ஜனவரியில் அதன் ஒரு வடிவம் மீண்டு வரும்வரை, மைல் கணக்கில் நீண்ட அலமாரிகளில் இருந்த நூல்களுள் பலவற்றை இருந்தும் இல்லாதனவாகவே வாசகர் கருத வேண்டியிருந்தது.

மின்னுருவாக்கத்தில் பதிப்புரிமையும் குறுக்கிடும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகளும், இலங்கைச் சட்டப்படி 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது. பாரதியார் படைப்புகளில் தொடங்கிப் பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆனதால் தமிழில் இத்தடை ஓரளவு தளர்ந்துள்ளது. எனினும் உரிமையாளர் யாரென்றே அறிய இயலாத சிற்றிதழ்களும் துண்டறிக்கைகளும் இரண்டுங்கெட்ட நிலையில் இருக்கின்றன. இவற்றை வெளியிடலாமா என்று முடிவு செய்யவும், ஆசிரியர் பெயரும் ஆண்டும் சொல்லும் பட்டியலே துணை.

சேகரம் யாருக்கு உரியது?

ரோஜா முத்தையா 1992இல் மறைந்த பின் அவர் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. பணம் கொடுத்தவர் நூலைக் கப்பலேற்றுவதே அதுவரை கண்ட வழக்கம். இங்கு நூல்கள் சென்னையிலேயே தங்கி, 1994இல் ஓர் ஆய்வு நூலகமாக உருப்பெற்றன. நுண்படச் சுருள்களாக எடுத்த படிகளே கடல் கடந்தன. மூலம் பிறந்த மண்ணில் இருக்க, படி உலகெங்கும் செல்லலாம் என்னும் இம்முறை, நூல்களை எடுத்துச் சென்று குவித்த குடியேற்றக் கால வழக்கத்துக்கு மாற்றாக அமைந்தது. வாங்கியவுடன் அங்கு நடந்த முதற்பெரும் பணிகள் பட்டியலிடுதலும் நுண்படம் எடுத்தலுமே என்பது குறிக்கத் தக்கது.

இலங்கைத் தமிழரின் அனுபவம் இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே கட்டடத்தில் ஒரே படியாக ஒரு மக்களின் நினைவு முழுவதையும் வைப்பது எத்தகைய ஆபத்து என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. 2005இல் தன்னார்வலரால் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத் திட்டம், அந்த உணர்வின் பயனாக வளர்ந்த சமூக ஆவணகம் எனலாம். நூல்களோடு இதழ், பள்ளி மலர், துண்டறிக்கை, கோயில் மலர் எனப் பல்வகை ஆவணங்களும் அங்கு சேர்கின்றன.

அவற்றுள் நினைவு மலர்கள் தனித்துப் பேசத் தக்கவை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளை ஒட்டிக் குடும்பத்தார் அச்சிட்டு வழங்கும் இச்சிறுநூலைக் ‘கல்வெட்டு’ என்றும் வழங்குவர். தேவாரப் பதிகங்கள், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, உறவினர் வழிமுறை ஆகியவை அதில் இடம்பெறும். போரால் பதிவேடுகள் அழிந்த ஊர்களுக்கு இது ஊர் வரலாறாகவும் குடும்ப வரலாறாகவும் இடப்பெயர்வின் சான்றாகவும் விளங்குகிறது. அதே வேளையில் உயிரோடிருப்போரின் பெயரும் உறவும் வாழிடமும் அதில் உள்ளன. உற்றார் கையில் கொடுக்க அச்சிட்டதை உலகம் காண இணையத்தில் வைப்பது வேறு செயல். அதற்கு வேறு இசைவு வேண்டும். போர்க்கால வாக்குமூலம், காணாமற்போனோர் பற்றிய கடிதம் போன்றவற்றில் இக்கேள்வி உயிர்ப் பாதுகாப்பையே தொடும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறப்பதே அறம் என்னும் நூலகக் கொள்கை இங்கு போதாது.

இச்சூழலில் உலகின் தொல்குடி மக்கள் காட்டிய வழி பயனுள்ளது. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட முக்குர்ட்டு என்னும் மென்பொருள், இப்படத்தைப் பெண்கள் மட்டும் காணலாம், இது மறைந்தவரின் உருவம் என்பதால் மூடி வைக்க வேண்டும் என்பன போன்ற சமூக விதிகளைப் பட்டியலிலேயே எழுத இடம் தருகிறது. திறப்பா மூடலா என்னும் இரண்டே தெரிவுகளுக்குப் பதிலாக, யாருக்கு, எப்போது, எந்த நிபந்தனையில் என்னும் நுட்பமான தெரிவுகள் பட்டியலில் இடம்பெறுகின்றன. கொடை பெறும்போதே கொடையாளரோடு எழுத்தில் உடன்படிக்கை செய்து, உரிமை, அணுக்கம், திரும்பப் பெறும் வழி ஆகியவற்றைத் தெளிவாக்குவது சிறிய ஆவணகங்களுக்கும் இயலக்கூடியதே.

முடிவுரை

மேற்கூறியவை அனைத்தையும் தொகுத்து நோக்கின், சிதைவைத் தடுக்க முன்னுரிமை சொல்வதும், திருட்டை வெளிப்படுத்துவதும், உரிமையை நிறுவுவதும், மின்கோப்புக்குப் பொருள் தருவதும், வெளியிடலாமா கூடாதா என்பதை வழிநடத்துவதும் பட்டியலே என்பது விளங்கும். ஆயினும் நிதி வழங்குவோர் விரும்புவது கட்டடமும் கருவியும் ஆகும். திறப்பு விழாவில் காட்ட அவற்றில் ஏதேனும் இருக்கும். ஓர் ஏட்டைப் படித்துப் பெயரிட நான்கு நாள் எடுத்துக்கொள்ளும் புலவரின் வேலைக்குத் திறப்பு விழா இல்லை. இந்திய அரசு 2003இல் தேசியச் சுவடி இயக்கத்தைத் தொடங்கி, 2025இல் அதனை ஞான பாரதம் என்னும் பெயரில் விரிவாக்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைப் பதிவு செய்யப்போவதாக அறிவித்தது. அந்த எண்ணிக்கையின் பயன், எத்தனை படங்கள் எடுக்கப்பட்டன என்பதைவிட எத்தனை சுவடிகளுக்கு ஏட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் சரியான பெயரும் காலமும் வரலாறும் எழுதினார் என்பதைக் கொண்டே அளக்கப்பட வேண்டும்.

ஆகவே அவையோர் முன் வைக்கத் தக்க வேண்டுகோள் எளியது. அரசும் பல்கலைக்கழகங்களும் சுவடி படிப்போரை நிலையான பணியில் அமர்த்துக. சமூக ஆவணகங்கள் முதல் நூல் வந்த நாளிலேயே சேர்க்கைப் பதிவேட்டின் முதல் வரியை எழுதுக. வீட்டில் பழைய நூல்களும் கடிதங்களும் வைத்திருப்போர், அவற்றை எவரிடம் கொடுக்க நினைத்தாலும், கொடுக்கும் முன் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டில் என்ன இருக்கிறது, யாருடையது, எப்படி வந்தது என்று தம் கைப்பட எழுதி அதனுடன் வைக்க. அந்தக் குறிப்பேடு இல்லாத நூற்பெட்டியை எடைக்கு எடுப்போர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர்.